தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

பாளையங்கோட்டையைச் சூழ்ந்த தாமிரவருணிப் பாசன ஊர்களில் நாழி கொண்டு நெல் அளந்த காலம் ஒன்றுண்டு. நாழியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம் எனத் தமிழர் கீழ்க்கணக்கும் பாதி பாதியாகவே இறங்கும். பாதியாக்குதல் என்னும் இவ்வெளிய செயலைக் கொண்டே சமண ஆகமம் ஒரு பேரெண்ணை வரையறுத்தது.

அனுயோகத்வார சூத்திரம் என்னும் பிராகிருத நூல், மனிதரின் எண்ணிக்கையைக் கூறுமிடத்து மூன்று அடையாளங்களைத் தருகிறது. அவ்வெண் 29 தானங்களை உடையது. ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்க வருவது. 96 முறை பாதியாக்கத் தக்கது.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா? இரண்டின் வர்க்கம் 4. அதனைத் தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் 16, 256, 65536 என வளரும். ஐந்தாவது 4294967296; ஆறாவது 18446744073709551616. இவ்விரண்டின் பெருக்கற்பலன் 79228162514264337593543950336. இலக்கங்களை எண்ணினால் சரியாக 29. ஐந்தாம் வர்க்கத்துள் 32 இரண்டுகளும் ஆறாவதனுள் 64 இரண்டுகளும் அடங்கியிருத்தலால், பாதியாக்கம் 96 முறை நிகழ்ந்து ஒன்றில் வந்து முடியும்.

இரண்டு அன்றி வேறெந்தப் பகா எண்ணும் இவ்வெண்ணை வகுக்காது. 96 என்பது இரண்டாலும் மூன்றாலும் வகுபடுவதால், இவ்வெண் ஒருங்கே வர்க்கமும் கனமும் ஆகும். ஐந்தாம் வர்க்கத்தின் கனமும் இதுவே.

இவ்வடையாளத்தின் பெரும்பயன் வேறொன்று. ஓலையில் 29 இலக்கங்களைப் படியெடுப்பவர் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டால், கண்ணால் கண்டறிவது அரிது. ஆனால் பாதியாக்கிப் பார்த்தால் பிழை தானே வெளிப்படும். எந்த ஓர் இலக்கம் மாறினும், 30 முறைக்குள் ஒற்றைப்படை எண் தோன்றி மேற்செல்ல இயலாது போகும். 96 என்னும் சிறு எண், பேரெண்ணுக்குக் காவலாக நிற்கிறது.

பிற்காலத்தே ஷட்கண்டாகமத்துக்குத் தவளா உரை வகுத்த வீரசேனர், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு ‘அர்த்தச்சேதம்’ என்னும் பெயரை ஆண்டு, அதன் விதிகளையும் விளக்கினார். இரு எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும். இன்றைய கணிதம் இதனை இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்னும். ஐரோப்பாவில் நேப்பியரின் மடக்கை நூல் வெளிவந்தது 1614இல். வீரசேனர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். நெல்லைச் சீமையின் கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற காலத்தை ஒட்டியே அவரும் வாழ்ந்தார்.

கழுகுமலையைக் கண்டு வியக்கும் நம் இல்லத்துச் சிறுவர், இத்திருநாளில் ஒரு தாளை எடுத்து அப்பேரெண்ணைப் பாதியாக்கிப் பார்க்கலாம். முன்னோர் சொல்லைப் போற்றுதலோடு அதனைச் சரிபார்த்தலும் அறிவுக்குச் செய்யும் வழிபாடே.