வாவிக்கரை வரலாறு – 17: இரண்டாம் காட்சி

சென்ற வாரம் கல்லடியை மட்டக்களப்பு நகரத்தோடு சேர்த்த லேடி மெனிங் பாலத்தில் நின்றோம். பாலம் 1924இல் வந்தது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. அதே 1928இல் கொழும்பில் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்று ஆண்டு கழித்து, 1931 ஒக்டோபரில், ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. எங்கள் நகரத்தின் படமாளிகைகளுக்கு இவை எல்லாமே தேவைப்பட்டன. படப்பெட்டி கொழும்பிலிருந்து வந்தாக வேண்டும், பார்க்கிற சனம் வாவியைக் கடந்து வந்தாக வேண்டும்.

அந்தச் சனம் இரவு விழித்திருக்கப் பழகிய சனம். படமாளிகை கட்டியவர்கள் இதை உருவாக்கவில்லை, அவர்களுக்கு இது ஆயத்தமாகக் கிடைத்தது. கண்ணகி அம்மன் கோவில் வெளியில் களரி கட்டி, வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ ஆடத் தொடங்கினால் விடியும்வரை யாரும் எழும்புவதில்லை. அண்ணாவியார் மத்தளத்தில் கைவைக்கும்போது தூங்கிப்போன பிள்ளை, சண்டைக் கட்டத்தில் தானாகவே எழும்பிவிடும். 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனையில் மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடியதை ஒரு படக்காட்சி நேரத்துக்குள் சுருக்கினார். 1964 பொங்கலுக்குப் பந்துலுவின் ‘கர்ணன்’ படம் வெளியானது. களரியில் கர்ணனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திரையில் வந்த கர்ணன் ஏற்கெனவே தெரிந்த ஆள்தான்.

இம்பீரியல், விஜயா, சாந்தி, சுபராஜ் என்று ஊரவர் வாயில் இன்றும் நிற்கும் பெயர்களை வைத்துத் திறப்பு, மூடல் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம். எனக்கு அதில் நாட்டமில்லை. இந்தப் படமாளிகைகள் எதனால் வாழ்ந்தன, எதனால் சாய்ந்தன என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இரண்டாம் காட்சி.

பகல் காட்சிக்கு வருவோர் பள்ளிக்கூடத்தை ஏமாற்றிய பையன்களும், வீட்டுவேலை முடித்த பெண்களும், சந்தைக்கு வந்தவர்களும்தான். வயலிலும் வாவியிலும் கடலிலும் உழைப்பவனுக்கு ஓய்வு கிடைப்பது இரவில். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்காரர் சைக்கிளில் வருவார்கள். மேற்கே படுவான்கரைக்காரர் மண்முனைத்துறையில் ‘பாதை’ எனும் மிதவைப் படகில் ஏறி வாவியைத் தாண்டி வரவேண்டும். எனவே இரவில் பாதை ஓடுமா, கடைசி பஸ் நிற்குமா, பாலத்தில் யாராவது மறிப்பார்களா என்பவையும் படமாளிகையின் கணக்கில் சேர்ந்தவையே. இவற்றில் ஒன்று பிசகினால் கலரி காலியாகிவிடும்.

கலரியில் இருந்தவர்களுக்குத் தெரியாத உழைப்பு ஒன்று அவர்கள் தலைக்குப் பின்னால் நடந்தது. முப்பத்தைந்து மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டே முக்கால் மணி நேரப் படமென்றால் ஏறக்குறைய பதினைந்தாயிரம் அடி. புரொஜெக்டர் அறையில் இரண்டு மெஷின்கள். ஒன்று ஓடும்போதே மற்றதில் அடுத்த ரீலை மாட்டி, கார்பன் குச்சிகளை நெருக்கி வெளிச்சம் பிடித்து, திரையின் வலது மேல்மூலையில் புள்ளி தோன்றும்வரை ஒப்பரேட்டர் கண்ணிமைக்காமல் காத்திருப்பார். முதல் புள்ளிக்கு மெஷினை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு ஒளியை மாற்றவேண்டும். குச்சி எரிந்து தேய்ந்து இடைவெளி கூடினால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். அந்தச் சூட்டு அறையில் நின்றவர்களையும் கலைஞர்கள் என்றே நான் சொல்வேன்.

படமாளிகைகள் சாய்ந்த கதைக்கு வருவோம். முதல் அடி 1972 ஜனவரியில் கொழும்பில் விழுந்தது. அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது, இந்தியப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமை முழுவதும் அதன் கைக்குப் போனது. சென்னைப் படங்கள் குறைந்தன, வந்தவையும் சுணங்கி வந்தன. அதே பத்தாண்டில்தான் ‘குத்துவிளக்கு’, ‘புதிய காற்று’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ என்று நம் நாட்டிலேயே தமிழ்ப்படங்கள் எடுக்கப்பட்டன என்பதையும் மறைக்கக்கூடாது. அந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும் படங்களை வைத்து எந்தப் படமாளிகையும் விளக்கெரிக்க முடியாது.

அடுத்தது 1978 நவம்பர் 23 இரவு. சூறாவளி நாடெங்கும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு சாய்ந்தன. மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ ஐந்திலொன்று அழிந்தது, பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது போயின. ரிக்கற் வாங்குகிற கை தேங்காயையும் நெல்லையும் மீனையும் விற்ற கைதானே. அந்தக் கை கூரை மேய்வதற்கே பல வருடம் உழைத்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது. பின்னாலேயே வீடியோ டெக் வந்து படத்தை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோனது.

1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. 1989இல் அவரே சுட்டுக்கொல்லப்பட்டார். படத் தயாரிப்பிலும் விநியோகத்திலும் முன்னணியில் நின்ற ஒரு தமிழரை நாடு இழந்தது. ஆனால் எங்கள் படமாளிகைகளின் உயிர்நாடியைத் தொட்டது 1990 ஜூன்தான். போர் மறுபடி மூண்டபின், இருட்டியபிறகு பாலம் கடப்பது உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. ரயில் பல ஆண்டுகள் நின்றுபோனது. ஊரடங்கு, சோதனைச்சாவடி, காணாமற்போனோர் பட்டியல். மகன் வீடு திரும்பாவிட்டால் அவன் இரண்டாம் காட்சிக்குப் போயிருப்பான் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிய தாய்மார் இருந்த ஊர் இது. அந்த நினைப்பே இல்லாமல் போனது. இரவுக் காட்சியை இழந்தபின் பகல் காட்சி வருமானம் எதற்கும் போதவில்லை.

படமாளிகைகள் வாழ்ந்த இதே வாவிக்கரையிலிருந்துதான் இயக்குநர் பாலு மகேந்திராவும் சினிமாவுக்குப் போனார். 1939இல் அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கால ஆசிரியர் ஒருவர் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போன்ற படங்களை அவருக்குக் காட்டினார். கித்துல்கலையில் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ எடுத்தபோது, பள்ளிச் சுற்றுலாவில் போன இவர், லீன் “மழை” என்று கத்தியதும் மழை பொழிந்ததைப் பார்த்தார். தானும் அப்படி மழை பெய்யவைக்க வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். 1979இல் ‘அழியாத கோலங்கள்’ எடுத்தபோது தன் பால்ய நினைவுகளையே அதில் வைத்தார். உலக சினிமாவுக்கு இந்தக் கரை கொடுத்த பெருங்கொடை அவர்.

2014 ஏப்ரலில் மண்முனையில் பாலம் திறந்தார்கள். பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நடுநிசியிலும் படுவான்கரைக்குப் போகலாம். சென்னையில் வெளியாகும் நாளிலேயே புதுப்படம் இங்கும் டிஜிற்றலில் ஓடுகிறது. பிலிம் மாட்டிய கைகளுக்கு அங்கே வேலையில்லை. அந்த ஒப்பரேட்டர்கள், ரிக்கற் கிழித்தவர்கள், வாசலில் கச்சான் விற்றவர்கள் ஆகியோரில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசி ஒலிப்பதிவு செய்ய இளைஞர்கள் முன்வர வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பட நோட்டீஸ் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பெயர், காட்சி நேரம், வகுப்புக் கட்டணம் எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கும். அதை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)