மலையை உடைக்கிற கப்டன்

உள்ளங்கைக்குள்ள அடங்கிற 24 சின்னப் படங்கள். பெரும்பாலானவற்றில் முன்னுக்கு இரண்டு கோமாளிகள் துள்ளுகினம், முதுகை வளைக்கினம், ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்யினம். பின்னால எறும்பளவில வேடிக்கை பார்க்கிற சனம். 'பல்லி டி ஸ்ஃபெஸ்ஸானியா' எண்ட இந்தத் தொடரை ஏறத்தாழ 1622இல் செதுக்கியவர் ஜாக் கலோ.

1592இல் லொரெய்ன் நாட்டின் நான்சியில் பிறந்தவர் கலோ. புளோரன்ஸில் மெடிச்சி அரசவைக்காக வேலை செய்து, 1621இல் இரண்டாம் கோசிமோ இறந்த பிறகு ஊர் திரும்பினார். செம்புத் தகட்டில் பூச்சுப் பூசி, ஊசியால் கீறி, கீறின இடத்தை அமிலம் அரிக்க விடுவதுதான் இந்தக் கலை. வழமையான மெழுகுப் பூச்சுக்குப் பதிலாக, லூட் வாத்தியம் செய்பவர்களின் கடின வார்னிஷைக் கலோ பாவித்தார். அதனால்தான் இவ்வளவு சின்னப் படத்திலும் கோடு அவ்வளவு துல்லியம்.

படங்களில் வாறவை இத்தாலியின் முகமூடி நாடகமான கொமெடியா டெல் ஆர்ட்டேயின் பாத்திரங்கள். அதில அடிக்கடி வாறவர் 'கப்டன்'. ஒருத்தருக்குப் பெயர் ஸ்பெஸ்ஸா மொன்டி, அதாவது மலையை உடைக்கிறவர்! வாயில வீரம், ஆபத்து வந்தால் ஓட்டம். அப்போது நேப்பிள்ஸும் மிலானும் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. மேடைக் கப்டனும் பெரும்பாலும் ஸ்பானியன்தான். நேரடியாகச் சொல்ல ஏலாததைச் சனம் சிரிப்பாகச் சொன்னது எண்டு நாங்கள் இதை வாசிக்கிறோம்.

1633இல் பிரெஞ்சுப் படை நான்சியைப் பிடித்தது. அதே ஆண்டு கலோவின் 'போரின் பெருந்துயரங்கள்' வெளிவந்தது. அதிலும் வாளோடு ஆக்கள்தான். ஆனால் இவர்கள் வீட்டைக் கொள்ளையடிக்கிறார்கள், கிராமத்தை எரிக்கிறார்கள். ஒரு படத்தில் மரம் நிறையத் தூக்கிலிட்ட உடல்கள். கேலிக் கப்டனைப் பார்த்துச் சிரிச்ச கண்ணால இதைப் பார்க்கேக்க வயிறு இறுகுது.

அதற்காக அவரை அவசரப்பட்டுப் போர் எதிர்ப்பாளர் ஆக்கவும் ஏலாது. பிரேடா முற்றுகையை ஸ்பானிய ஆட்சியாளருக்காக வரைந்ததும் அவர்தான். அந்த மரத்தில் தொங்குபவர்களும் தண்டிக்கப்பட்ட கொள்ளைக்காரப் படையாட்கள்தான். கடைசிப் படத்தில் அரசன் நல்ல வீரர்களுக்குப் பரிசு கொடுக்கிறான். கூலிக்கு வேலை செய்த கலைஞர் அவர். ஆனாலும் எரிகிற வீட்டை அவர் தகட்டில் இருந்து விடேல்லை. நாங்கள் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.