தக்ஷிணசித்ராவில் ஓர் அக்ரஹாரம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 'தக்ஷிணசித்ரா' என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் உள்ளது. சென்னை செல்லும் அங்கத்தினர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.

பழைய கிராம வீடுகளைப் பெயர்த்து வந்து ஓரிடத்தில் நிறுத்தும் முறை ஐரோப்பாவில் தோன்றியது. தொழிற்சாலைகள் பெருகி கிராம வாழ்க்கை மறைந்துவந்த காலத்தில், 1891-ல், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹாஸேலியஸ் 'ஸ்கான்சென்' அமைத்தார். இங்கே டெபோரா தியாகராஜன் 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷனைத் தொடங்கினார். லாரி பேக்கர் அமைப்பு வரைந்து கொடுத்த வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. இடிபடவிருந்த வீடுகள் பலவற்றை வாங்கி, தூண், உத்தரம், கதவு என்று கழற்றி, கைவினைஞர்களைக் கொண்டு மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

கானாடுகாத்தான் நகரத்தார் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு, குயவர் வீடு ஆகியவற்றோடு திருநெல்வேலி ஆம்பூர் அக்ரஹார வீடும் இருக்கிறது. விஞ்ஞானம் படித்தவன் ஆனதால் அதன் கட்டுமானத்தைத்தான் முதலில் கவனித்தேன். அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர். ஆகவே பக்கச்சுவர்களில் வெயில் படாது. முற்றத்துச் சூடான காற்று மேலே எழும்ப, திண்ணை, ரேழி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

இங்கே அக்ரஹாரத்திலிருந்து குயவர் வீட்டுக்குச் சில நிமிட நடைதான். எந்த வீட்டிலும் யாரும் நுழையலாம். அசல் கிராமத்தில் அப்படி இல்லை. பலருக்கு அக்ரஹாரத் தெருவில் நடக்கவே அனுமதி கிடையாது. பெயர்த்து வந்தது மரமும் ஓடும்தான். அந்த எல்லைக்கோடு வரவில்லை. வராதது நல்லதே. ஆனால் அது இருந்ததும் சரித்திரம்தான். பேரக்குழந்தைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

மும்பைவாசிகளுக்கு இது புரியும். தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலியிலிருந்து நம்மவர்கள் குமாஸ்தா, சுருக்கெழுத்து வேலைகளுக்கு வந்து மாதுங்காவில் குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அங்கே தோன்றியது. அதே திருநெல்வேலியிலிருந்து வேறு பலர் தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் தங்கினர். இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். வீட்டை ஊரில் விட்டுவிட்டு, தெருக்களின் பிரிவினையை மட்டும் கூடவே கொண்டு வந்தோம்.

நான் வசிக்கும் செம்பூரில் என் வயதுக்காரர்கள் சிலருக்கு ஊரில் பூர்விக வீடு இன்னும் உள்ளது. விற்க நேர்ந்தால் அதற்குமுன் அளவெடுத்து, படமெடுத்து வையுங்கள். யார் எந்த வாசல்வரை வந்தார்கள் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.