உப்பு என்றொரு சொல்

உப்பு என்ற சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அது உப்புதான். சிங்களத்தார் லுணு என்பர்; அது லவண என்ற வடசொல்லின் வழிவந்தது. இரசாயன ஆசிரியருக்கோ உப்பு என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஓரினத்தின் பெயர். அமிலமும் மூலமும் தாக்கமுற்று நீரோடு தோன்றுபவை உப்புகள்.

இப்பொதுப்பொருளை மேனாட்டாரே நமக்குத் தந்தனர் என எண்ணுவோர் உளர். ஆனால் நம் சித்த மருத்துவம் கறியுப்பு, இந்துப்பு, கல்லுப்பு, வளையலுப்பு, வெடியுப்பு ஆகிய ஐந்தையும் பஞ்சலவணம் என ஓரினமாக வகுத்திருக்கிறது. இவற்றுள் இரண்டு, கண்டி இராச்சியத்தின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையவை.

மலைநாட்டில் கறியுப்பு விளையாது. கரையோரத்திலிருந்து பொதிமாடுகளின் முதுகில் வந்துசேர வேண்டும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் குடிகள் புத்தளம், சிலாபம் முதலிய இடங்களில் உப்பெடுக்க அவ்வுடன்படிக்கையே இடமளித்தது. சோற்றுக்கு வேண்டிய உப்புக்கும் அந்நியரின் இசைவு வேண்டும் என்ற நிலை அது.

வெடியுப்பின் கதை வேறு. கந்தகத்தோடும் கரியோடும் சேர்ந்து வெடிமருந்தாவது இதுவே. இதனைக் கண்டியர் தம் மலைகளிலேயே பெற்றனர். வௌவால் எச்சம் படிந்த குகைமண்ணை மரச்சாம்பலோடு கலந்து, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுத்தனர். சிங்களத்தில் அதன் பெயர் வெடிலுணு. வெடி தமிழ்ச் சொல். லுணு சிங்களச் சொல்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. அடுத்த ஆண்டு இராணுவ மருத்துவராக இலங்கைக்கு வந்த ஜோன் டேவி, தும்பறைப் பகுதியிலுள்ள வெடியுப்புக் குகையொன்றை ஆராய்ந்து, 1821இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். அவருடைய தமையனாரே புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்ப்ரி டேவி. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் 1807இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர். கறியுப்பில் இருப்பது சோடியம். வெடியுப்பில் இருப்பது பொற்றாசியம். இரண்டும் ஓரினமே என்பதை இரசாயனமும் உறுதிசெய்கிறது.

இன்று சிங்கள மாணவர் சமையலறையில் லுணு என்றும் ஆய்வுகூடத்தில் லவண என்றும் வழங்குகின்றனர். தமிழ் மாணவருக்கு இரண்டிடத்தும் உப்பே. அந்த ஒரு சொல்லுக்குள் கண்டியின் தன்னிறைவும் இருக்கிறது. பிறர் கையை எதிர்பார்த்து நின்ற துயரமும் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. உப்பைத் தடுத்து நிறுத்தும் வலிமை பெற்றவரையும் ஒரு நாடு எளிதில் மறந்துவிடுவதில்லை.