பழைய அறிவியல் கருவி மென்பொருள்களை எமுலேட்டரில் இயக்குதல்

நிறமாலைமானி, கேஸ் குரோமட்டோகிராஃப் போன்ற ஆய்வகக் கருவிகளை இயக்கவும் அவை அளந்ததைக் கணக்கிடவும் எழுதப்பட்ட பழைய மென்பொருளை இன்றைய கணினியில் ஓட வைக்கும் முறை இது. அந்த மென்பொருளுக்குப் பழக்கமான பழைய கணினியின் செயலி, நினைவகம், கடிகாரம், போர்ட்டுகள் எல்லாவற்றையும் மென்பொருளாலேயே உருவாக்கிக் கொடுப்பது எமுலேட்டர்.

கருவிக்கும் கணினிக்கும் ஆயுள் ஒன்றல்ல என்பதால்தான் இதற்குத் தேவை வந்தது. நல்ல ஆடியும் கீற்றணியும் கொண்ட ஒரு நிறமாலைமானி, பராமரிப்பு இருந்தால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சரியாகவே அளக்கும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் கணினியில் கெபாசிட்டர் வீங்கிவிடும், ஹார்டு டிஸ்க் நின்றுவிடும். புதுக் கணினி வாங்கி வைத்தாலும் வேலை நடக்காது. விண்டோஸ் என்டி வழிவந்த இயங்குதளங்கள், சாதாரண நிரல்கள் போர்ட்டுகளை நேரடியாகத் தொடுவதை அனுமதிப்பதில்லை. டாஸ் காலத்துக் கருவி நிரல்கள் செய்ததெல்லாம் அதுதான். 64 பிட் விண்டோஸோ 16 பிட் நிரல்களை ஏற்பதே இல்லை. 1985இல் வந்த 80386 செயலி, பழைய நிரல்களுக்காக 8086 போல நடிக்கும் ஒரு நிலையை வைத்திருந்தது. செயலி 64 பிட் முறையில் ஓடும்போது அந்த நிலை கிடைப்பதில்லை.

எந்த எமுலேட்டர் என்பது பழைய கணினியைப் பொறுத்தது. 1970இல் வந்து பல இயற்பியல் ஆய்வகங்களில் இடம்பிடித்த பிடிபி-11க்கும், அதன் பின் வந்த வாக்ஸுக்கும், பாப் சுப்னிக் 1993இல் தொடங்கிய சிம்ஹெச் உண்டு. டாஸ் நிரல்களுக்குப் பலரும் முதலில் எடுப்பது 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ். விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது அது. ஆய்வகத்தில் பயன்படுத்தும்போது அந்த நோக்கத்தை மறக்கக் கூடாது. ஃபப்ரீஸ் பெல்லார்டின் கியூஎமு (2003) ஒரு முழுக் கணினியையே உருவாக்குவதால், பழைய விண்டோஸ் தேவைப்படும் மென்பொருளுக்கு அது பொருந்தும்.

வேகம் குறைந்தால்தானே சிக்கல் என்று தோன்றும். பழைய நிரல்களுக்கு வேகம் கூடினாலும் சிக்கல்தான். டர்போ பாஸ்கல் 7இல் எழுதிய நிரல்கள் பலவும் திரைக்கும் தாமதத்துக்குமான 'சிஆர்டி' என்ற பகுதியைச் சேர்த்துக்கொண்டிருக்கும். நிரல் தொடங்கியதும் அந்தப் பகுதி கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லிவினாடிக்குள், ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, வந்த எண்ணை 55ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535க்குள் அடங்க வேண்டும். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலிகளில் அது அடங்கவில்லை. செயலி இதையும் பூச்சியத்தால் வகுத்த பிழையாகவே சொல்லும். 'பிழை 200' என்று ஒரு வரி காட்டிவிட்டு நிரல் மூடிக்கொள்ளும். எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்து வைத்தால் அதே நிரல் ஒழுங்காகத் திறக்கும். ஆனால், மோட்டாரை நகர்த்தவும் விளக்கை அணைக்கவும் இப்படிப்பட்ட சுழற்சிகளை நம்பும் நிரல், வேகம் தவறினால் பிழை காட்டாமலே தப்பாக அளந்துவிடும். அதுதான் மிகவும் ஆபத்து.

அடுத்தது கம்பி. கருவி சீரியல் போர்ட்டில் பேசுமானால் வழி இருக்கிறது. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி எழுதி உண்மையான போர்ட்டை உள்ளே காட்டலாம். யூஎஸ்பி மாற்றி வழியாக இணைத்தால் தாமதத்தைக் கவனிக்க வேண்டும். பரவலாகப் புழங்கும் ஒரு வகை மாற்றி, வரும் எழுத்துகளை 16 மில்லிவினாடி வரை சேர்த்துவைத்தே கணினிக்குத் தரும். உடனடிப் பதிலை எதிர்பார்க்கும் நிரல் அதற்குள் கருவி இல்லை என்று முடிவுகட்டிவிடலாம். டிரைவர் அமைப்பில் இதை 1 மில்லிவினாடியாகக் குறைக்க முடியும். கருவியின் கட்டுப்பாட்டு அட்டை, பழைய கணினிகளின் மதர்போர்டில் இருந்த ஐஎஸ்ஏ துளையில் செருகப்படுவதாக இருந்தால் எமுலேட்டர் பெரும்பாலும் கைவிரித்துவிடும். அதற்கு, ஐஎஸ்ஏ துளையோடு வரும் தொழிற்சாலை மதர்போர்டைத் தேடுவதே நல்லது.

உண்மையில் எமுலேட்டரின் பெரிய உதவி கருவியை ஓட்டுவதில் இல்லை. பழைய அளவீடுகளைத் திறப்பதில்தான் இருக்கிறது. உற்பத்தியாளருக்கு மட்டுமே தெரிந்த வடிவத்தில் சேமித்த கோப்புகளை வேறெந்த மென்பொருளும் படிக்காது. மின்னணு ஆவணங்களை நெடுங்காலம் காப்பது பற்றி 1995இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய ஜெஃப் ரோதன்பெர்க், மூல மென்பொருளை எமுலேட்டரில் ஓட்டுவதையே வழியாக வலியுறுத்தியவர். கம்பியும் நேரமும் குறுக்கே வராததால் இந்த வேலை பெரும்பாலும் சுலபமாக முடியும். பழைய ஹார்டு டிஸ்க் இன்னும் சுழலும்போதே அதை முழுமையாகப் படியெடுத்துவிட வேண்டும்.

இங்கும் கணக்கைச் சரிபார்க்காமல் விடக் கூடாது. 8087 கணக்குச் செயலி தனக்குள் 80 பிட் எண்களைக் கையாண்டது. சில எமுலேட்டர்கள் அதே கணக்கை 64 பிட்டில் செய்துவிடுகின்றன. விளையாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தும் நிரலில் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். பழைய கணினி அச்சிட்ட அறிக்கை ஒன்றை ஆய்வகக் கோப்பிலிருந்து எடுத்து, அதே மாதிரியின் கோப்பை எமுலேட்டரில் திறந்து, ஒவ்வொரு சிகரத்தின் பரப்பையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்ட பிறகே மற்ற கோப்புகளைத் தொட வேண்டும்.