சிப்காட் முதல் செயற்கை நுண்ணறிவு வரை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது, சர்டிபிகேட் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாகரசம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்ற நம்ம பசங்கதான். எல்லோருக்கும் ஓசூர்தான் குறி.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில்தான் அன்று நாமெல்லாம் இருந்தோம். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்.) மானாவாரி நிலம், மா, புளி. மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். 1971-இல் சிப்காட் தொடங்கப்பட்டது. பெங்களூருக்கு இப்பால் 40 கிலோமீட்டரில், ஓசூரில் அதன் தொழில் வளாகம் அமைந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1984-இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கினார்கள். அதில் ஒரு விசேஷம் உண்டு. கடிகாரத்தைத் திறந்தே பார்த்திராத, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, வேலையை அங்கேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஓசூரின் உண்மையான வரலாறு இதுதான் என்பேன். வேலை தெரியாதவனும் உள்ளே போக ஒரு வாசல் இருந்தது.

அதே எண்பதுகளில்தான் "கம்ப்யூட்டர் வந்தா வேலை போச்சு" என்று வங்கி ஊழியர்கள் போராடினார்கள். வேலை வேறு உருவில் வந்தது. 1994-இல் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தது. ஆகவே இம்முறையும் அப்படித்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் 1956-இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிக் கூட்டத்தில் பிரபலமானது. நம் வாசலுக்கு அந்தச் சொல் வந்தது 2021-இல். பக்கத்துப் போச்சம்பள்ளியில், சந்தைக்கு மாடு ஓட்டிப்போன அதே போச்சம்பள்ளியில்தான், ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. 3,000-க்கும் மேற்பட்ட ரோபோக்கள், பெண்களே 10,000 பேர் என்று அறிவித்தார்கள். அறிவிப்பெல்லாம் அப்படியே நடந்துவிடுமா என்ன!

என் கவலை ரோபோவின் கையைப் பற்றியதல்ல, கண்ணைப் பற்றியது. பெயின்டில் கொப்புளம் இருக்கிறதா, வெல்டிங் பிசகியிருக்கிறதா என்று பார்ப்பது புதுப் பையனின் வேலை. பார்த்துப் பார்த்தே அவன் தொழிலைக் கற்றான். இப்போது அதைக் கேமரா பார்க்கிறது. எது நல்ல பாகம், எது கெட்டது என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி அதற்குப் பழக்குகிறார்கள். அந்தப் படங்களைப் பிரித்துக் கொடுக்க அனுபவசாலி ஒருவர் வேண்டும். அவர் ஓய்வு பெற்றபின் அடுத்த அனுபவசாலி எங்கிருந்து வருவார்?

வகுப்பறையிலும் இதே சங்கதிதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கட்டுரை எழுதித் தர ஆள் கிடைத்துவிட்டது. தப்புத் தப்பாய் எழுதித்தானே நாமெல்லாம் எழுதக் கற்றோம்? அதே ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் புதிய தொழில்நுட்பங்களைச் சொல்லித் தருகிறது, நல்லதுதான். ஆனால் பயிற்சி முடித்தவனை, தெரியாதவனாகவே உள்ளே விடும் வாசல் வேண்டுமே.

அன்று அந்த பஸ்ஸில் ஏறியவர்கள் சிலர் இப்போது ஆலைகளில் பெரிய பொறுப்பில் இருக்கிறார்கள். சங்க விழாவுக்கு வருவார்கள். உங்கள் லைனில் ஒன்றும் தெரியாத பையனைக் கடைசியாகச் சேர்த்தது எப்போது என்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.