கொள்ளைநோயும் கல்வித் தொடரும்

இந்திய நாட்டில் கோவிட் நோய் கண்டதாக முதன்முதலில் உறுதி செய்யப்பட்டவர் ஒரு மாணவி. சீன நாட்டின் வூஹான் நகரில் மருத்துவம் பயின்றுவந்த அவர், விடுமுறைக்குக் கேரளம் திரும்பியிருந்தார். 2020 ஜனவரி 30ஆம் நாள் அவருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அக்கொள்ளைநோயின் வரலாறு ஒரு மாணவியிடமிருந்து தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். மாண்டவர் தொகை எண்ணப்பட்டது. மூடிய ஆலைகளின் நட்டம் கணக்கிடப்பட்டது. பயிலும் பருவத்தில் இரண்டாண்டுகளை இழந்த இளைஞர் கூட்டத்தின் கணக்கோ இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அக்கணக்கின் ஓர் ஏட்டையேனும் புரட்டிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துனிஸ் நகரத்து மாணவர்

கொள்ளைநோய் கல்விக்கு என்ன செய்யும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டு, பின்னர் நூலிலும் ஆராய்ந்து எழுதிய பேரறிஞர் ஒருவர் உண்டு. அவரே வரலாற்றியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னு கல்தூன். ஹிஜ்ரி 732இல் (கி.பி. 1332) துனிஸ் நகரில் பிறந்தவர். ஹிஜ்ரி 749இல் (கி.பி. 1348) அந்நகரைப் பெரும் தாஊன் நோய் தாக்கிற்று. பதினேழு வயது மாணவரான அவர் தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்தார். அவருக்குக் கற்பித்த ஆசிரியர் பலரும் மாண்டனர். அரசியல் குழப்பமும் சேர்ந்துகொள்ளவே, எஞ்சிய அறிஞர்கள் மேற்கே பாஸ் நகர் நோக்கிச் சென்றனர். அவர் பெரிதும் மதித்த ஆசிரியர் அல்-ஆபிலீயும் பின்னர் புறப்பட்டுவிட்டார். கல்வி நடுவழியில் நின்றது.

அந்நிலையில் அவருக்குக் கிடைத்த வேலை யாது? அரசாங்க மடல்களில் பிஸ்மிக்கும் செய்திக்கும் இடையே இறைப்புகழ் வாசகத்தைத் தடித்த எழுத்தில் வரைந்து கொடுக்கும் பணி! முன்னோர் வகித்த பதவிகளையும் தாம் கற்ற கல்வியையும் நோக்க அது சிறிய பணியே. அதை ஏற்றார், ஆயினும் அதிலேயே அமைந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் துனிஸை விட்டகன்றார். பாஸ் நகரை அடைந்து, அங்கிருந்த அறிஞர்களிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார்.

பிற்காலத்தில் எழுதிய முகத்திமாவில் அவர் ஓர் அரிய கருத்தை நிறுவுகிறார். கல்வி என்பது ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு நேரில் வந்து சேரும் தொடர் அது. அத்தொடரை ‘ஸனது’ என்பர். நகரங்கள் அழிந்தால் ஸனது அறுபடும். அறுபட்டபின் மாணவர் அவைக்கு வருவர்; ஆனால் வாய் திறவாமல் அமர்ந்து கேட்டுச் செல்வர்; மனனம் செய்வர். வினவுதலும் வாதிடுதலும் இன்மையால் கற்ற துறையில் ‘மலகா’ எனும் உறுதியான திறன் அவர்க்கு அமைவதில்லை. இது அவருடைய துணிபு. சுமார் அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து, கைப்பேசித் திரைமுன் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அமர்ந்திருந்த நம் மாணவரைக் கண்டே எழுதப்பட்டது போல் தோன்றுகிறதன்றோ!

கதவடைத்த கல்லூரிகள்

2020 மார்ச் 17ஆம் நாள் தமிழ்நாட்டுக் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. முதலில் அம்மாத இறுதிவரை என்றே அறிவிப்பு. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சில வாரங்கள் என்று எண்ணியது மாதங்களாய் நீண்டது. இறுதியாண்டு மாணவர்க்கு டிசம்பர் 7இல் கல்லூரி திறந்தது; ஏனையோர்க்கு 2021 பிப்ரவரி 8இல். மார்ச்சில் மீண்டும் மூடப்பட்டு, இரண்டாம் அலை தணிந்தபின் செப்டம்பர் 1இல் திறந்தது. 2022 ஜனவரியில் மூன்றாம் முறையாக மூடப்பட்டது. 2019இல் பட்டப்படிப்பில் சேர்ந்த ஒரு மாணவர், தம் மூன்றாண்டுப் படிப்பில் ஏறத்தாழப் பாதிக்காலத்தை வகுப்பறைக்கு வெளியிலேயே கழித்தார்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. உலகில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 160 கோடி மாணவர்களின் கல்வி தடைப்பட்டதென ஐக்கிய நாடுகள் மன்றம் 2020 ஆகஸ்டில் கூறிற்று. ஆயினும் ஒரே மழை எல்லா நிலத்திலும் ஒரே விதமாய்த் தங்குவதில்லை. மேட்டு நிலம் விரைவில் உலர்கிறது. பள்ளம் நெடுநாள் நீர் கோத்து நிற்கிறது.

மாரண்டஹள்ளியின் நிலை

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு வட்டத்தில், சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த பேரூர் மாரண்டஹள்ளி. சுற்றிலும் தக்காளி விளையும் செம்மண் பூமி. அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்று அணை. பழைய தகடூர் நாடாகிய இம்மாவட்டம், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 68.5 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே கடைசி இடத்தில் நின்றது. மாநிலத்தின் அளவு 80 விழுக்காடு. இத்தகைய மண்ணில் ஒரு பிள்ளை கல்லூரிக்குச் செல்வதென்றால், பல வீடுகளில் அவரே முதற் பட்டதாரி. அவருடைய பட்டத்தை ஒரு குடும்பமே எதிர்பார்த்திருக்கும்.

சேலத்தில் 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமே சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் தாய். இப்பக்கத்து மாணவர் பேருந்திலும் பாசஞ்சர் இரயிலிலும் சென்று படிப்பவர். 2020 மார்ச்சில் இரண்டும் நின்றன. வகுப்பு கைப்பேசிக்குள் புகுந்தது. கைப்பேசியோ பல வீடுகளில் ஒன்று. அது தந்தையிடம் இருக்கும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்தில்தான் கணினி இருந்தது. இணைய வசதி பதினைந்தில் இருந்தது. மலையடிவாரச் சிற்றூர்களில் அலைவரிசை தேடி மாணவர் மேட்டிலும் பாறையிலும் ஏறி அமர்ந்தனர். தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை இலவசமாய் வழங்க முன்வந்தது. நன்முயற்சியே, ஆயினும் கல்லூரிகள் மூடி ஒன்பது திங்கள் கழிந்த பின்னரே வந்தது.

இதற்கிடையே வீட்டில் வருவாய் நின்றது. மகன் தோட்டத்திலும் சந்தையிலும் கூலிக்குச் சென்றான். மகளுக்கோ வரன் பேசினர். படிக்கும் பெண்ணுக்குக் கல்லூரி ஓர் அரண் போன்றது. ‘படித்துக்கொண்டிருக்கிறாள்’ என்ற ஒரு சொல்லே திருமணப் பேச்சைத் தள்ளிவைக்கப் போதுமானதாய் இருந்தது. கல்லூரி மூடியதும் அச்சொல் வலுவிழந்தது. மீண்டும் திறந்தபோது சில இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்வில்லாத் தேர்ச்சி

பட்டம் என்பது என்ன? அரபுக் கல்வி மரபில் அதற்கு ‘இஜாஸா’ என்று பெயர். இந்த நூலை இவர் என்னிடம் ஓதினார், இதைப் பிறர்க்குக் கற்பிக்கத் தகுதியுடையார் என்று ஆசிரியர் தம் பொறுப்பில் அளிக்கும் சாட்சியம் அது. இன்றைய பல்கலைக்கழகப் பட்டமும் இயல்பில் ஒரு சாட்சியமே. தேர்வு அச்சாட்சியத்தின் அடிப்படை.

2020 ஜூலையில், முதலிரண்டு ஆண்டு மாணவர் முதலாய் இடைநிலைப் பருவத்தார்க்குத் தேர்விலிருந்து தமிழக அரசு விலக்களித்தது. ஆகஸ்டு 26இல், கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தது. மாணவர் மகிழ்ந்து முதலமைச்சரை வாழ்த்திச் சுவரொட்டிகள் ஒட்டினர். இரு நாட்களில், ஆகஸ்டு 28ஆம் நாள், இறுதியாண்டுத் தேர்வு நடத்தாமல் பட்டம் வழங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் அத்தேர்வு பெரும்பாலும் இணையவழி நடந்தேறியது. அரியர் தேர்ச்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. தேர்வின்றித் தேர்ச்சி என்பதை ஏற்க இயலாதென 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கூறிவிட்டது.

அன்றைய இக்கட்டில் அரசு கருணையால் செய்ததை முற்றும் குறை கூறுவதற்கில்லை. ஆயின் சாட்சியம் தளர்ந்தால் அதன் விளைவு சாட்சி சொன்னவரைச் சாராது. யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவரையே சாரும். அப்படியே நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி, மதுரையில் நடத்தவிருந்த நேர்காணலுக்கு வெளியிட்ட விளம்பரத்தில், அவ்வாண்டு பட்டம் பெற்றோர் தகுதியற்றவர் என்று அச்சாகியிருந்தது. கண்டனம் எழவே அது தட்டச்சுப் பிழை என்று வங்கி விளக்கமளித்தது, திருத்தியும் வெளியிட்டது. பிழையே ஆயினும், அதைப் படித்த மாணவர் நெஞ்சில் தைத்த முள்ளை எந்தத் திருத்தம் எடுக்கும்? ‘கொரோனா பட்டதாரி’ என்ற ஏளனச் சொல் அதற்கு முன்னரே ஊரில் உலவத் தொடங்கியிருந்தது.

வேலை தேடிய காலம்

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. கிராமத்துப் பட்டதாரி பெரிதும் நம்பியிருப்பது அரசு வேலை. அவ்வாண்டு மே மாதம் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆயிற்று. ஓய்வு பெறுவோர் இருக்கையில் தங்கினர். வாயிலில் நின்ற இளைஞர் வாயிலிலேயே நின்றனர். 2020 ஏப்ரலில் நடக்கவிருந்த குரூப் 1 முதல்நிலைத் தேர்வு 2021 ஜனவரியில்தான் நடந்தது. 2019 செப்டம்பருக்குப் பின் குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24இல்தான் நடைபெற்றது. முதலில் அறிவிக்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் பணியிடங்களுக்கு விண்ணப்பித்தவர் சுமார் 22 லட்சம் பேர்! கழிந்த காலத்தை ஈடுசெய்ய, நேரடி நியமனத்திற்கான உச்ச வயதை இரண்டாண்டு உயர்த்துவதாக 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தமை நியாயமான செயல்.

மறுபுறம் கணினித் துறையில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2021-22இல் ஒரே நிறுவனமான டி.சி.எஸ். மட்டும் ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளை வேலைக்கெடுத்தது. நகரத்துப் பொறியியல் மாணவர் பலர் அவ்வாய்ப்பில் கரையேறினர். தமிழோ வரலாறோ பயின்ற நம் பக்கத்து மாணவருக்கு அக்கதவு திறக்கவில்லை. அவர் ஓசூர்ச் சிப்காட்டிற்கும் பெங்களூருக்கும் இரயிலேறினார். பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, பள்ளிப் படிப்பு போதுமென்ற வேலையில் அமர்ந்தார். உழைத்துண்பது இழிவன்று. எனினும் ஒரு குடும்பம் பட்டினி கிடந்து பயிற்றுவித்த கல்வி பயனின்றிக் கிடப்பது குடும்பத்தின் இழப்பு மட்டுமன்று, சமுதாயத்தின் இழப்பு.

தொடரை மீண்டும் இணைத்தல்

அக்காலத்தில் நியூட்டனை எடுத்துக்காட்டி மாணவர்க்கு அறிவுரை கூறியவர் பலர். 1665இல் இலண்டனில் பிளேக் பரவ, கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது, அவர் சிற்றூரில் தனித்திருந்தே பெரும் உண்மைகளைக் கண்டார் என்பர். மெய்தான். ஆயினும் அவருக்குத் தாயின் பண்ணை வீடு இருந்தது, உணவுக்குக் கவலையில்லை. தக்காளிக் கூடை சுமந்த மாணவனுக்கு ஏற்ற முன்மாதிரி துனிஸ் நகரத்து இப்னு கல்தூனே ஆவார். அவர் இழந்தார், கிடைத்த வேலையைச் செய்தார், பின் ஆசிரியரைத் தேடிச் சென்று, அறுந்த இடத்திலிருந்து கல்வியை மீண்டும் தொடர்ந்தார்.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் இழப்பை நீக்க, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. திங்களுக்கு ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர் மாலை நேரங்களில் திண்ணையிலும் மரத்தடியிலும் கற்பித்தனர். அவருள் பலர் வேலையின்றி வீட்டிலிருந்த பட்டதாரிப் பெண்கள். தாம் பெற்ற கல்வி குறையுடையதென்று ஏளனம் செய்யப்பட்ட தலைமுறையே அடுத்த தலைமுறையின் குறையை நீக்க முன்வந்தது! இதனினும் உயர்ந்த இஜாஸா வேறென்ன வேண்டும்? பின்னர் 2022இல் வந்த ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சியும், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் அளிக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டமும் பின்வந்த மாணவர்க்குத் துணையாயின. அவ்விரண்டாண்டுகளில் படிப்பை விட்டவர்க்கோ அவை காலம் கடந்து வந்தன.

அவர்களுக்கு நாம் செய்யவேண்டுவது யாது? அன்றைய மாணவர் இன்று இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். பணிக்கு எடுப்போர் சான்றிதழில் ஆண்டைப் பாராது ஆளின் திறனைச் சோதிக்கட்டும். கல்லூரிகள், இடையில் நின்றவர் எஞ்சிய தாள்களை எழுதி முடிக்க வாயிலைத் திறந்து வைக்கட்டும். ஊர்தோறும் உள்ள நூலகத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும், மாலையில் ஒரு மணி நேரம் கற்றவர் அமர்ந்து, வந்தவரை வாய்திறந்து வினவச் செய்யட்டும். திறன் நாவினால் வளர்கிறது என்பது இப்னு கல்தூனின் முடிபு. அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் நேரில் அமர்ந்தால் போதும். ஸனது அங்கேயே மீண்டும் தொடங்கிவிடும்.